அப்பாவாக, அப்பாவுக்காக, அப்பாவுக்குப் பதிலாக

போன எபிசோட்டில் ஏஐ ஏஜென்ட்கள் பற்றிக் கதைத்த பிறகு, "ஏஜென்ட் எண்டதுக்குத் தமிழில என்ன சொல்லுறது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 'முகவர்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். காப்புறுதி முகவர், பயண முகவர் என்று பேப்பரில் வருகிற சொல்தான். ஆனால் வீட்டில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து வந்த கனபேருக்கு 'ஏஜென்ட்' என்றால் நினைவுக்கு வருகிறவர் வேறு ஆள்: காசை வாங்கிக்கொண்டு, இன்னொருவருடைய பாஸ்போர்ட்டைக் கையில் தந்து, "இனி இதுதான் உம்மட பேர், பிறந்த திகதியைப் பாடமாக்கும்" என்று பிளேன் ஏற்றி விட்டவர்.

அந்தக் கதைக்குள் இரண்டு வேறு அலுவல் நடக்கிறது. ஏஜென்ட் உங்களுக்காக வேலை செய்கிறார். நீங்கள் இன்னொருவராகப் பயணம் செய்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஏஜென்ட், ப்ராக்ஸி, டெப்யூட்டி, அட்டர்னி, சப்ஸ்டிடியூட் என்று சொற்கள் குவிந்து கிடக்கும். எது எதற்கு என்று பிரிக்க லோயர் வேண்டும். தமிழில் அந்தப் பிரிவு சொல்லின் வாலிலேயே இருக்கிறது. அப்பாவாகக் கதைத்தேன். அப்பாவுக்காகக் கதைத்தேன். அப்பாவுக்குப் பதிலாகக் கதைத்தேன். அப்பாவின் சார்பில் கதைத்தேன். நாலும் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் கேட்கும். யாருடைய பெயர் பதிவாகிறது, பிழைத்துப் போனால் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்வியையும் போட்டுப் பார்த்தால் நாலும் நாலு பக்கம் போகும்.

'ஆக'விலிருந்து தொடங்குவோம். இந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு அது கைவந்த கலை. கவுன்சிலிலிருந்தோ காஸ் கொம்பனியிலிருந்தோ போன் வரும். பன்னிரண்டு வயசுப் பெடியன் குரலைக் கட்டையாக்கி "யெஸ், ஸ்பீக்கிங்" என்பான். பெண் பிள்ளை அம்மாவாகிவிடுவாள். பிறந்த திகதி, போஸ்ட்கோட், நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் எல்லாம் பாடம். பிறகு அது ஒன்லைனுக்கு மாறியது. இப்ப அப்பாவின் பாங்க் அப் உங்கள் போனில், அவருடைய ஈமெயில் பாஸ்வேர்ட் உங்கள் தலையில்.

எங்கள் துறையில் இதற்கு இம்பர்சனேஷன் என்று பெயர். 2020 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 8693 என்கிற இணையத் தரநிலை இதை வடிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. டோக்கன் எக்ஸ்சேஞ்ச் பற்றிய ஆவணம் அது. ஒரு சேர்விஸ் இன்னொருவருக்காக மூன்றாவது சேர்விஸுக்குப் போகும்போது எந்த அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று சொல்கிறது. அதில் இரண்டு வழி. முதலாவது இம்பர்சனேஷன்: சீட்டில் அப்பாவின் பெயர் மட்டும். எதிரே இருக்கிற கணினிக்கு வந்தவர் அப்பாதான். நீங்கள் அந்தப் பதிவில் எங்கேயும் இல்லை. இரண்டாவது டெலிகேஷன்: 'சப்' என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும், அதோடு 'ஆக்ட்' என்று இன்னொரு இடம் வைத்து அதில் உங்கள் பெயர் இருக்கும். அலுவல் அப்பாவுடையது, செய்தது நீங்கள், இரண்டும் தெரிகிறது. தமிழில் சொன்னால் முதலாவது 'அப்பாவாக', இரண்டாவது 'அப்பாவின் சார்பில்'. ஒபீசில் அவுட்லுக் பாவிக்கிறவர்களுக்கு இன்னும் சுகமாக விளங்கும். மனேஜரின் பெயரில் நேரே மெயில் போவது 'சென்ட் அஸ்'. மனேஜருக்காக இன்னார் அனுப்பியது என்று இரண்டு பெயரும் தெரியப் போவது 'சென்ட் ஒன் பிஹாஃப்'.

ஏஐ ஏஜென்ட் விஷயத்தில் எனக்கு இருக்கிற பயம் இந்த இடத்தில்தான். நீங்கள் லொக்-இன் பண்ணி வைத்திருக்கிற பிரவுசரை அப்படியே அதனிடம் கொடுத்து "டிக்கெட் எடு" என்றால், அது உங்களுக்காக எடுக்கவில்லை, நீங்களாக எடுக்கிறது. நாளைக்குப் பிழையான திகதிக்கு எடுத்தாலும் பதிவில் உங்கள் பெயர் மட்டும்தான். திருக்குறளில் 'தூது' என்று ஓர் அதிகாரம் உண்டு, 69ஆவது. அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் தூதரை இரண்டாகப் பிரிக்கிறார்: சொல்லி விட்டதைப் போய்ச் சொல்பவர் ஒருவர், இடத்தைப் பார்த்துத் தானே வகுத்துப் பேசுகிறவர் மற்றவர். பழைய சாட்பொட் முதல் வகை, இப்ப வருகிறவை இரண்டாம் வகை. அனுப்பினவரின் பொறுப்பு மட்டும் மாறாது. கனடாவில் எயார் கனடாவின் சாட்பொட், குடும்பத்தில் இழவு நடந்து பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவல் கொடுத்தது. சாட்பொட் தனி ஆள், அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற மாதிரி கொம்பனி வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அதைத் தள்ளிவிட்டது. சரியான தீர்ப்பு.

'பதிலாக' இன்னும் சிக்கலானது. ஒருவர் போய், அந்த இடத்தில் இன்னொருவர் வந்து, அதே வேலையைச் செய்வது. 'பதில்' என்பதே அரபியில் மாற்று என்று பொருள்படும் 'பதல்' என்ற சொல்லிலிருந்து வந்ததென்பார்கள். எங்களுக்கு முதலில் வருகிற அர்த்தம் மறுமொழி. அதனால் 2022 ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டுப் போய் ரணில் பதவியேற்றபோது "பதில் ஜனாதிபதி" என்ற தலைப்பைப் பார்த்து, 'ரிப்ளை பிரசிடென்ட்' என்றால் என்ன என்று கேட்ட ஆட்கள் இங்கே உண்டு. இலங்கைத் தமிழில் 'பதில்' வந்தால் ஆள் இல்லாத இடத்தில் தற்காலிகமாக இருப்பவர், 'பிரதி' வந்தால் ஆள் இருக்கும்போதே அவருக்கு அடுத்த படியில் இருப்பவர். பதில் அமைச்சர், பிரதி அமைச்சர். தமிழ்நாட்டில் பிரதிக்கு 'துணை' என்பார்கள்.

இந்தச் சொல்லின் முழுப் பாரத்தையும் பார்க்க, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தோர்ண்டன் ஹீத் ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் போதும். சிக்கன் கடை வாசல்களில் ஈ-பைக்கோடு பெடியள் நிற்பார்கள். சாப்பாடு ஓர்டர் பண்ணினால் அப்பில் ஒரு பெயர் வரும், கதவைத் தட்டுகிறவர் வேறு ஆளாக இருப்பார். அப்படி நடக்கிறதற்கு ஒரு சட்டக் கதை இருக்கிறது.

ஒருவர் 'எம்ப்ளோயீ'யா இல்லையா என்று பார்க்கிறபோது இங்கத்தைய நீதிமன்றங்கள் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று: வேலையை அவரேதான் செய்ய வேண்டுமா, இன்னொருவரை அனுப்பலாமா? 1968இல் ரெடி மிக்ஸ்ட் கொங்கிரீட் என்ற வழக்கின் தீர்ப்பிலிருந்து அது நிலைத்துவிட்டது. இன்னொருவரை அனுப்பத் தாராளமாக உரிமை இருந்தால் நீங்கள் ஊழியர் இல்லை, தனி வியாபாரம். ஐடி கொன்ட்ராக்டராக இருக்கிற எனக்கு இது தண்ணிபட்ட பாடு. என்னுடைய கொன்ட்ராக்ட்டிலும் அந்த வசனம் இருக்கிறது: எனக்குப் பதிலாகத் தகுதியுள்ள இன்னொருவரை நான் அனுப்பலாம். 2000ஆம் ஆண்டு வந்த ஐஆர்35 வரி விதியிலிருந்து தப்புவதற்கு அது உதவும் என்பதால் ஏஜென்சிகள் அதைப் போட்டுத்தான் தருவார்கள். யதார்த்தத்தில் என்னுடைய லப்டொப்பையும் லொக்-இன்னையும் கொடுத்து மச்சானை அனுப்பினால் செக்கியூரிட்டி வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். காகிதத்தில் மட்டும் இருக்கிற உரிமைக்கு வரிக்காரரும் நீதிமன்றமும் பெரிதாக மதிப்புக் கொடுப்பதில்லை.

டெலிவரூ வழக்கில் அது காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. காம்டன், கென்டிஷ் டவுன் பகுதி ரைடர்களுக்காகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையை ஐ.டபிள்யூ.ஜி.பி. என்ற தொழிற்சங்கம் கேட்டது. அந்த வழக்கு நடக்கிற காலத்தில் கொம்பனி புது ஒப்பந்தம் கொடுத்தது. அதில் பதிலாளை அனுப்பும் உரிமை விரிவாக எழுதப்பட்டிருந்தது. மிகச் சிலர்தான் அதைப் பாவித்தார்கள். ஆனாலும் அது உண்மையான உரிமை என்று 2017இல் மத்திய நடுவர் குழு முடிவு செய்தது. வழக்கு மேலே மேலே போய், 2023 நவம்பர் 21இல் சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகச் சொன்னது: பதிலாளை அனுப்ப முடிகிறவர்களுக்கு, ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 11ஆம் பிரிவு தொழிற்சங்கத்துக்குத் தருகிற பாதுகாப்புக்குத் தேவையான வேலை உறவு இல்லை. இரண்டு வருடத்துக்கு முதல், 2021 பெப்ரவரியில், அதே நீதிமன்றம் ஊபர் சாரதிகளை 'வேர்க்கர்' என்று ஏற்றுக்கொண்டது. ஊபர் சாரதி தானே ஓட்ட வேண்டும், இன்னொருவரை அனுப்ப ஏலாது.

ஒரே வசனம்தான். எனக்கு அது வரியில் கை கொடுக்கிறது, ரைடருக்கு அது சங்கத்தின் கையைக் கட்டிவிட்டது. இதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன்.

அந்த வசனத்துக்குக் கீழே இன்னொரு ஆள் நிற்கிறார்: பதிலாள். எக்கவுண்ட் இன்னொருவருடையது, காசு அவருடைய பாங்குக்குத்தான் போகும், அவர் பார்த்துத் தந்தால்தான் உண்டு. தராவிட்டால் கொம்பனியிடம் போய்க் கேட்க முடியாது; கொம்பனிக்கும் பதிலாளுக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை. ஊரிலிருந்து படிக்க வந்திருக்கிற சொந்தக்காரப் பிள்ளைகள் யாராவது இப்படி ஓடினால் இதைச் சொல்லுங்கள்: ஸ்டூடன்ட் விசாவில் டிகிரி படிக்கிறவருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்கிற கணக்கு சம்பள வேலைக்குத்தான். சுயதொழில் அந்த விசாவில் அறவே கூடாது, அரை மணித்தியாலமும் கூடாது. டெலிவரி ஓட்டம் சுயதொழில்தான். "அண்ணா எக்கவுண்ட் தந்தவர், அவரிட்ட எல்லாப் பேப்பரும் இருக்கு" என்பது லூனர் ஹவுஸில் எடுபடாது. 2024இலிருந்து டெலிவரூ பதிலாள்களையும் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கிறது. அதாவது சீட்டில் 'ஆக்ட்' என்ற இடத்தைச் சேர்க்கிறார்கள். கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒப்பீடு இந்தியாவின் நெசவாலைகள். அங்கே நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய இடத்தில் நிற்பவரை 'பதிலி' என்பார்கள். இந்தியாவின் 1947ஆம் ஆண்டு தொழிற் தகராறுச் சட்டத்தில், வேலை நிறுத்தி வைக்கப்படும்போது நட்டஈடு தருவது பற்றிய பிரிவு, பதிலி என்றால் யார் என்று வரையறுத்தது: வருகைப் பதிவில் பெயர் உள்ள இன்னொருவருக்குப் பதிலாக வேலை செய்கிறவர். கூடவே ஒரு வரியும் போட்டது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், அந்தப் பிரிவைப் பொறுத்தவரை அவர் இனிப் பதிலி இல்லை. மற்றவருடைய பெயருக்குக் கீழே நிற்கிறவருக்கு ஒரு கட்டத்தில் சொந்தப் பெயர் கிடைக்கிறது. டெலிவரி அப்பில் அப்படியொரு வரி இல்லை.

சரி, 'சார்பில்' எங்கே வருகிறது? இதைத்தான் நான் உண்மையில் சொல்ல வந்தேன். உங்களில் கனபேரின் அப்பா அம்மா இப்ப அறுபதைத் தாண்டுகிறார்கள்.

இவ்வளவு காலமும் நீங்கள் அப்பாவாகக் கதைத்தீர்கள். அது எவ்வளவு தூரம் ஓடும் என்றால், அப்பா பக்கத்தில் இருந்து "ஓம், நான்தான்" என்று சொல்லக்கூடிய வரைக்கும். அவருக்கு ஸ்ட்ரோக் வந்து லண்டன் ரோட்டில் இருக்கிற க்ரொய்டன் யுனிவர்சிட்டி ஹொஸ்பிட்டலில் பேச முடியாமல் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். பாங்குக்கு உண்மையைச் சொன்னால் எக்கவுண்டைத் தொட விடமாட்டார்கள். சொல்லாமல் அப்பாவாகவே தொடர்ந்தால் அது மோசடியாகப் பார்க்கப்படலாம். 'நெக்ஸ்ட் ஒஃப் கின்' என்று ஹொஸ்பிட்டல் ஃபோமில் உங்கள் பெயர் இருக்கும். அது யாருக்குப் போன் அடிக்க வேண்டும் என்பதற்கு. அப்பாவுக்காக முடிவெடுக்கும் அதிகாரத்தை இங்கிலாந்துச் சட்டம் அந்தப் பெயருக்குக் கொடுக்கவில்லை. டொக்டர்கள் உங்களிடம் கேட்பார்கள், முடிவு அவர்களுடையது. புருசன் பெண்சாதிக்கும் இதே நிலைதான்.

அந்த அதிகாரத்துக்கு இரண்டு வழி. அப்பா நல்ல சுயநினைவோடு இருக்கும்போதே அவராக எழுதித் தருவது லாஸ்ட்டிங் பவர் ஒஃப் அட்டர்னி, எல்.பி.ஏ. 2005ஆம் ஆண்டு மென்டல் கப்பாசிட்டி சட்டத்தின் கீழ் வந்தது, 2007 ஒக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நினைவு தப்பிய பிறகென்றால் கோர்ட் ஒஃப் ப்ரொடெக்ஷனுக்குப் போய் உங்களை 'டெப்யூட்டி'யாக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், செலவு கூட, பிறகு வருடா வருடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அட்டர்னியை அப்பா தெரிவு செய்கிறார். டெப்யூட்டியைக் கோர்ட் தெரிவு செய்கிறது.

வீட்டில் இதைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது ஒரு சிக்கல் வரும். 'அற்றோணித் தத்துவம்' என்றால் அவர்களுக்கு உடனே விளங்கும். ('தத்துவம்' இங்கே ஃபிலோசஃபி இல்லை. இலங்கைச் சட்டத் தமிழில் அதற்கு அதிகாரம் என்று பொருள். அட்டர்னி என்றாலும் லோயர் இல்லை; அவர் சட்டத்தரணி.) ஆனால் அவர்கள் மனதில் இருப்பது ஊரில் காணி விற்பதற்கு அண்ணனுக்கோ மச்சானுக்கோ எழுதிக் கொடுக்கிற பத்திரம். அது வேறு, இது வேறு. இங்கே எழுதுகிற எல்.பி.ஏ.யை வைத்து யாழ்ப்பாணத்துக் காணியை விற்க முடியாது. அங்கத்தைய சட்டப்படி அங்கே பதிகிற அற்றோணித் தத்துவம் வேண்டும். இங்கே எழுதுகிற சாதாரண பவர் ஒஃப் அட்டர்னியோ, தந்தவரின் நினைவு தப்பியதும் செல்லாமல் போய்விடும், அதாவது மிகத் தேவையான நேரத்தில். 'லாஸ்ட்டிங்' என்ற சொல் அதற்காகத்தான். தந்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும்.

இன்னொரு பயமும் இருக்கும். "எழுதித் தந்தா வீட்டை எடுத்துப்போடுவாங்கள்" என்று கோயிலில் யாரோ சொல்லியிருப்பார்கள். அது வெறும் வதந்தி என்று ஒதுக்காதீர்கள், பிள்ளைகள் ஏமாற்றிய கதைகள் உண்மையாகவே உண்டு. பொறுமையாக விளக்குங்கள்: சொத்து அவருடைய பெயரில்தான் இருக்கும், நினைவோடு இருக்கும்வரை எப்பவும் ரத்துச் செய்யலாம், நீங்கள் அவருடைய நன்மைக்கு மட்டும்தான் பாவிக்கலாம். இரண்டு வகை உண்டு. காசு, சொத்துக்கான பத்திரத்தைப் பதிவானதும் அப்பாவின் சம்மதத்தோடு பாவிக்கலாம். உடல்நலத்துக்கானது அவரால் முடிவெடுக்க முடியாமல் போன பிறகுதான் உயிர் பெறும். பதிவுக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் நூறு பவுணுக்குக் குறைவு, வருமானம் குறைந்தவர்களுக்குப் பாதி. லோயர் கட்டாயமில்லை.

எல்.பி.ஏ. வருகிற வரைக்கும் சின்ன அலுவல்களுக்கு முறையான வழிகள் இருக்கின்றன. பாங்கில் தேர்ட் பார்ட்டி மாண்டேட், எச்எம்ஆர்சியில் ட்ரஸ்டட் ஹெல்பர், ஜிபியிடம் கேட்டு எடுக்கிற ப்ராக்ஸி அக்சஸ். மூன்றிலும் உங்கள் பெயர் உங்கள் பெயராகவே பதிவாகும். போனிலும் அப்படித்தான்: அப்பாவைப் பக்கத்தில் இருத்தி, "அவர் இங்கே இருக்கிறார், செக்கியூரிட்டிக் கேள்விக்கு அவரே பதில் சொல்லுவார், நான் அவருக்காகக் கதைக்கிறேன்" என்று சொன்னால் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

ஃபோம் நிரப்பும்போது ஒரு பெட்டியில் கவனமாக இருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அட்டர்னி இருந்தால் அவர்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்கும். எங்கட அம்மாக்கள் "மூண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கோ, பிறகு சண்டை வரக்கூடாது" என்பார்கள். கேட்க நல்லாக இருக்கும். சட்டத்தில் 'ஜொய்ன்ட்லி' என்றால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் மூன்று பேரும் வேண்டும். டொரொன்டோவில் இருக்கிற அக்காவுக்கு ஏதும் நடந்தால், மாற்று ஆள் போடாத பட்சத்தில் மற்ற இருவரின் அதிகாரமும் விழுந்துவிடும். 'ஜொய்ன்ட்லி அண்ட் செவரலி', சேர்ந்தும் தனித்தும், என்று போட்டால் யாராவது ஒருவர் கையெழுத்தும் போதும். மாற்று அட்டர்னிக்கு ஒரு பெட்டி இருக்கிறது, அதையும் வெறுமையாக விடாதீர்கள்.

சான்று தருகிறவர் குடும்பத்தவராக இருக்கக் கூடாது; அப்பாவை இரண்டு வருடமாவது தெரிந்த அயலவரோ, டொக்டர் போன்ற தொழில்முறை ஆளோ அப்பாவுடன் கதைத்து, அவர் விளங்கித்தான் எழுதுகிறார் என்று உறுதிப்படுத்த வேண்டும். தமிழ் தெரிந்தவராகப் பாருங்கள், ஏனென்றால் அந்த உரையாடலில் நீங்கள் மொழிபெயர்க்கப் போனால் அதற்கு அர்த்தமில்லை. கையெழுத்துக்கும் ஒழுங்கு இருக்கிறது. முதலில் அப்பா, பிறகு சான்று தருகிறவர், கடைசியாக நீங்கள். திகதிகள் மாறிக் கிடந்தால் ஃபோம் திரும்பி வரும்.